18 அடியா, 26 அடியா? முதல் மோட்டர் படகு வாங்க நினைப்பவர்களுக்கு

பெரியம்மாவின் மகன் பிக்கரிங்கில் இருக்கிறார். போன மார்கழியில் ஒரு நாள் இரவு போன் எடுத்தார். "தம்பி, போட் ஒண்டு எடுக்கப்போறன். 18 அடியில ஒண்டும் 26 அடியில ஒண்டும் பார்த்து வைச்சிருக்கிறன். எது நல்லது?" என்று கேட்டார். "எந்த ஏரியில ஓடப்போறியள் அண்ணா? ஆர் ஆர் வருவினம்?" என்றேன். "அதைப் பிறகு பார்ப்பம். முதல் எது நல்லதெண்டு சொல்லு" என்றார்.

அன்று இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அதில் நான் சொன்னதையும், சொல்ல மறந்து பிறகு நினைவுக்கு வந்ததையும் இங்கே எழுதுகிறேன். எல்லாம் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளை வைத்துச் சொல்வது, அதிலும் ரொறன்ரோவைச் சுற்றி இருப்பவர்கள் அதிகம் போகும் சிம்கோ ஏரியையும் ஒன்ராறியோ ஏரியையும் வைத்து. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

முதலில் இரண்டும் எப்படியிருக்கும் என்று பார்ப்போம். 18 அடியில் வாங்கினால் பெரும்பாலும் 'பவ்ரைடர்' என்று சொல்லும் வகைதான் கிடைக்கும். முன்பக்கம் திறந்திருக்கும், அங்கேயும் ஆட்கள் இருக்கலாம். எஞ்சின் 115 முதல் 150 குதிரைவலு. வெயிலுக்கு ஒரு மடக்குத் துணிக்கூரை, அவ்வளவுதான். 26 அடியில் பலரும் பார்ப்பது கபின் குரூசர். முன்பக்கம் மூடியிருக்கும். இரண்டு படி கீழே இறங்கினால் படுக்க மெத்தை, சின்ன அடுப்பு, தண்ணீர்க் குழாய், கதவு வைத்த கழிப்பறை. எஞ்சின் 300 குதிரைவலு அளவில் இருக்கும்.

8 அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். படகு நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, அகலமும் ஆழமும் கூடவே வளர்கின்றன. 26ஐ 18ஆல் வகுத்தால் 1.44. அதை மூன்று தடவை தன்னோடு தானே பெருக்கினால் 3 வரும். எடையைப் பாருங்கள்: 18 அடிப் படகு வெறுமையாகச் சுமார் 1,000 கிலோ, 26 அடிக் கபின் படகு 3,000 கிலோவுக்குக் கிட்ட. ஆகவே அண்ணா ஒப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு படகையும் அதைப்போல மூன்று படகுகளையும். நங்கூரம், கயிறு, பெற்றோல், கழுவித் துடைக்கும் நேரம் எல்லாம் இந்த மூன்றின் பின்னாலேயே வரும். படகைப் பார்க்கப் போகும்போது நீளத்தைக் கேட்கும் அதே மூச்சில் எடையையும் கேளுங்கள்.

இனி அலை. பெரிய படகு வாங்க எத்தனையோ காரணம் சொல்வார்கள். எனக்குச் சரியென்று படுவது இது ஒன்றுதான்.

சிம்கோ ஏரி பார்க்கச் சாதுவாக இருக்கும். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளம், 25 கிலோமீற்றர் அகலம். பெரி நகரப் பக்கமாக நீளும் கெம்பன்ஃபெல்ட் குடாவில் 41 மீற்றர் ஆழம் உண்டு. ஏரியின் சராசரி ஆழம் அதில் பாதியும் வராது. ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று அடித்தால் அலை நீண்டு உருண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும். ஒன்றில் ஏறி இறங்குமுன் அடுத்தது படகின் மூக்கில் இடிக்கும். வடமேற்கிலிருந்து காற்று வந்தால் ஏரி முழுவதையும் கடந்து சேர்த்த அலையைக் கொண்டுவந்து தெற்கே ஜோர்ஜினா பக்கக் கரையில் கொட்டும்.

என்னுடைய முதல் படகு 17 அடி, முன்பக்கம் திறந்தது. ஒரு ஆடி மாதச் சனிக்கிழமை காலையில் ஜாக்சன்ஸ் பொயின்ரிலிருந்து பீவர்ட்டனுக்குப் போனோம். ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து 2 மணிக்குத் திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. அலை இரண்டு அடிக்கு மேல் இராது. கரையில் நின்று பார்த்தால் அது ஒன்றுமில்லை. ஏழு வயது மகள் முன் இருக்கையில் இருந்தாள். ஒரு அலையில் ஏறி இறங்கும்போது மூக்கு தாழ்ந்தது, அடுத்த அலை அப்படியே மடிந்து அவள் மடியில் விழுந்தது. பின் இருக்கைக்கு வரச் சொல்லிக் கத்தினேன். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தா. எடை பின்னுக்கு வந்ததும் மூக்கு நிமிர்ந்தது. வேகத்தை மணிக்கு 12 கிலோமீற்றர் அளவுக்குக் குறைத்து, அலையை நேரே முட்டாமல் கொஞ்சம் சரிவாக எடுத்து வந்தோம். காலையில் அரை மணியில் போன தூரத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கரை சேர்ந்த பிறகும் அவள் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்கப் படகுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். அது எனக்கு இன்றும் மனதில் உறுத்துகிறது.

அதே தண்ணீரில் 26 அடிப் படகு என்ன செய்திருக்கும்? அதன் நீளம் ஒரே நேரத்தில் இரண்டு அலைகளின் மேல் தாங்கி நிற்கும். எடை கூடியதால் அலையை வெட்டிக்கொண்டு போகும். மூக்கு உயரமாகவும் மூடியும் இருப்பதால் தண்ணீர் உள்ளே விழாமல் மேல்தட்டில் வழிந்து ஓடும். அடிப்பாகம் கூர்மையான V வடிவில் இருந்தால் இறங்கும்போது முதுகில் அடிக்காது. எல்லாரும் நனையாமல், பேசிக்கொண்டே வந்திருப்போம்.

ஆனால் வேகத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய படகின் சுகம் புரியாது. மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. அப்படிப் போகும்போது அதன் நீளம்தான் அதன் வேகத்துக்கு எல்லை. 18 அடிப் படகுக்கு மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர், 26 அடிக்கு 12. அதற்கு மேல் எஞ்சினைக் கூட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் அமிழும், முன்னால் ஒன்றும் தெரியாது, பெற்றோல் குடிக்கும். இன்னும் கூட்டினால் திடீரென்று மூக்கு இறங்கி, படகு தண்ணீரின் மேல் ஏறி வழுக்கத் தொடங்கும். இதைத்தான் 'பிளேன்' பிடிப்பது என்கிறார்கள். சின்னப் படகு நாலைந்து செக்கனில் பிடித்துவிடும். பாரமான படகுக்குப் பெரிய எஞ்சின் இருந்தால்தான் முடியும். குறைந்த விலையில் 26 அடிப் படகு விற்பனைக்கு வந்தால் எஞ்சின் எத்தனை குதிரைவலு என்று முதலில் பாருங்கள். எடைக்குப் போதாத எஞ்சின் பூட்டிய பெரிய படகு மூக்கைத் தூக்கிக்கொண்டே காலம் தள்ளும்.

சரி, அலையில் பெரியது வென்றது. இப்போது கரைக்கு வருவோம்.

படகுக்குப் பிரேக் இல்லை. திருப்பும் விசை பின்னாலிருந்து வருகிறது, ஆகவே இடது பக்கம் திருப்பினால் பின்பகுதி வலது பக்கம் வீசும். இதெல்லாம் ஒரு பிற்பகல் பழகினால் கைக்கு வந்துவிடும். கைக்கு வராதது காற்று. கபின் படகின் உயரமான பக்கம் பாய்மரத்தைப் போலக் காற்றைப் பிடிக்கும். கட்டுமிடத்துக்குள் நுழையும்போது மெதுவாகத்தான் வர வேண்டும், ஆனால் மெதுவாக வரும்போதுதான் காற்று படகைத் தன் போக்கில் தள்ளும். ஒரு நண்பரின் 26 அடிப் படகில் ஒருமுறை திரும்பி வந்தோம். குறுக்குக் காற்று. இரண்டு படகுகளுக்கு நடுவே எங்கள் இடம், இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. மூன்று தடவை நுழையப் பார்த்து மூன்று தடவையும் பின்வாங்கினார். நாலாம் தடவை பக்கத்துப் படகின் மேல் சாயத் தொடங்கியதும் அவருடைய மைத்துனர் கையை நீட்டித் தள்ளப் போனார். "கையை எடு!" என்று நண்பர் போட்ட சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. 3,000 கிலோவை யாரும் கையால் நிறுத்த முடியாது, நடுவில் விரல் இருந்தால் விரல்தான் போகும். காற்றுப் பந்தை இடையில் தொங்கவிட்டுப் படகை அதன்மேல் சாய விட்டோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோடையில் மிச்சமிருந்த சனிக்கிழமைகளில் கொஞ்சம் காற்றடித்தாலும் அவர் படகை எடுக்கவில்லை.

18 அடிப் படகை இப்படியான காற்றில் நான் தனியாகவே கட்டியிருக்கிறேன். ஒரு கயிறு கையில் கிடைத்தால் இழுத்து நிறுத்திவிடலாம். எனவே படகை வாங்குமுன் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி: என்னோடு வேறு யாரும் வராத நாளில் இதை எடுக்க எனக்கு மனம் வருமா? வராது என்றால், இன்னொருவருக்கு நேரம் கிடைக்கும் நாளில் மட்டும்தான் படகு ஓடும்.

இங்கேதான் நம்முடைய கோடைகாலக் கணக்கும் வருகிறது. சிம்கோ ஏரி பனிக்காலத்தில் உறைந்துவிடும். மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 20 சனி ஞாயிறுகள். அதில் கலியாணம், அரங்கேற்றம், பிறந்தநாள், கோயில் தேர் எல்லாம் அதே சனி ஞாயிறுகளில்தான் வரும். மழையையும் காற்றையும் கழியுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சுவது எட்டோ பத்தோ நாள். உங்கள் வீட்டு நாட்காட்டியைப் போன வருடத்துக்கு எடுத்துப் பார்த்து எண்ணுங்கள். அந்த எட்டு நாளில் எத்தனை நாள் உண்மையிலேயே இரவு தங்குவீர்கள்? ஒரு நாள் என்றால் அந்த ஒரு இரவுக்காகத்தான் மெத்தையும் அடுப்பும் கழிப்பறையும் வாங்குகிறீர்கள்.

அண்ணாவுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வந்தது. "சின்னப் பிள்ளையளோட போறனான், கழிப்பறை வேணும்தானே" என்றார். அது நியாயம். மூன்று மணித்தியாலம் தண்ணீரில் இருக்கும்போது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயது அம்மாவுக்கும் அது பெரிய விஷயம். அம்மா படகுக்கு வருவாவா வரமாட்டாவா என்பதை அதுவே தீர்மானிக்கும். ஆனால் அதற்கு 26 அடி தேவையில்லை. 21, 22 அடியில் முன்பக்கம் மூடி, குனிந்து நுழையும் சின்னக் கபின் வைத்த படகுகள் உண்டு. அதில் ஒரு சின்னக் கழிப்பறை வைக்கலாம், குழந்தையை நிழலில் படுக்க வைக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: கழிவை ஏரியில் விடக்கூடாது. கழிப்பறை இருந்தால் கழிவுத் தொட்டி இருக்க வேண்டும், அதைப் படகுகள் கட்டும் துறையான மரினாவில் உறிஞ்சி எடுப்பித்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. கனடாவில் 6 மீற்றருக்கு உட்பட்ட படகுகளில் எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு பெரிய எஞ்சின் என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். 18 அடி என்பது 5.5 மீற்றர், ஆகவே தகடு இருக்கும். அந்த எண் நல்ல காலநிலைக்கான உச்ச அளவு. 8 பேர் என்று போட்டிருந்தால் ஐந்து பேரோடு போவதுதான் சுகம், சோற்றுப் பெட்டியும் ஐஸ் பெட்டியும் வேறு இருக்கிறதே. 26 அடி, அதாவது 7.9 மீற்றர் படகின் தகட்டில் ஆட்கணக்கு எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே முடிவு உங்கள் கையில். விருந்தாளிகள் கரையில் நின்று "நாங்களும் வாறம்" என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லவும் நீங்கள்தான் பழக வேண்டும். 6 மீற்றரைத் தாண்டினால் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பாதுகாப்புப் பொருட்களின் பட்டியலும் நீளும். உயிர்காப்பு அங்கி இரண்டிலும் ஆளுக்கு ஒன்று, அளவு பொருந்தியது, இருந்தே ஆக வேண்டும். நான் அதை உடம்பில் போடவே சொல்வேன். கனடிய ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த நீரில் விழுந்தவர்களுக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணித்தியாலம். மே மாத ஏரித் தண்ணீர் அப்படிப்பட்டதுதான். கைகால் கேட்காத நிலையில் அங்கியைத் தேடிப் போட முடியாது.

பெற்றோலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. குதிரைவலுவை 10ஆல் வகுத்தால், முழு வேகத்தில் மணிக்கு எத்தனை அமெரிக்க கலன் எரியும் என்று ஏறத்தாழ வரும். 150 குதிரைவலு என்றால் 15 கலன், அதாவது 57 லீற்றர். 300 என்றால் 114 லீற்றர். நிதானமான ஓட்டத்தில் அதில் பாதி போதும். அப்படியென்றாலும் சின்னப் படகில் ஒரு மணிக்குக் காரின் அரைத் தொட்டி, பெரிய படகில் ஒரு முழுத் தொட்டி. புறப்படும்போது தொட்டியை மூன்றாகப் பிரித்து, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்பாராததுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரினாவில் கட்டும் இடத்துக்கு அடிக்கணக்கில்தான் காசு. பனிக்காலத்தில் தூக்கி வைப்பதும் பெரும்பாலும் அப்படியே. 18 அடிப் படகை இதிலிருந்து தப்ப வைக்கலாம், ட்ரெயிலரில் இழுத்து வந்து வீட்டு முற்றத்தில் நிறுத்தினால் போதும். படகும் ட்ரெயிலரும் சாமானும் சேர்ந்து 1,500, 1,600 கிலோ வரும். நடுத்தர எஸ்யூவி பலவும் அதை இழுக்கும், ஆனால் உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒன்ராறியோவில் 1,360 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஸ்கார்பரோ புளஃபர்ஸ் பார்க்கில் இறக்கலாம், அடுத்த சனி சிம்கோ. 26 அடிப் படகு ட்ரெயிலரோடு 4,000 கிலோவைத் தொடும். கார் ஓட்டும் சாதாரண G உரிமத்தில் இழுக்கக்கூடிய எல்லை 4,600 கிலோ. பெரிய பிக்கப் வண்டி வேண்டும். அகலம் 2.6 மீற்றரைத் தாண்டினால் வீதியில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். நடைமுறையில் அந்தப் படகு ஒரே ஏரியில் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும்.

பனிக்கால வேலையும் அப்படித்தான். வெளியே தொங்கும் எஞ்சினை நேராக நிறுத்தினால் அதிலுள்ள தண்ணீர் தானாக வடிந்துவிடும். உள்ளே பூட்டிய எஞ்சினில் தண்ணீரை வடித்து, உறையாத திரவம் விட வேண்டும், இல்லாவிட்டால் உறையும் நீர் இரும்பையே வெடிக்க வைக்கும். கபின் படகில் குழாய், பம்பு, கழிப்பறை எல்லாவற்றுக்கும் அதே வேலை. உள்ளே பூட்டிய பெற்றோல் எஞ்சின் என்றால் ஒவ்வொரு முறையும் ஸ்ரார்ட் செய்யுமுன் நாலு நிமிடமாவது எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் காற்றாடியை ஓட விட வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிலருக்கு நான் 26 அடிதான் எடுங்கள் என்று சொல்வேன். ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழியைப் பாருங்கள். ஒன்ராறியோ ஏரிக் கரையிலுள்ள ட்ரென்ரனிலிருந்து ஜோர்ஜியன் குடாவின் போர்ட் செவேர்ன் வரை 386 கிலோமீற்றர், நடுவில் சிம்கோ ஏரி. சிம்கோவிலிருந்து வடக்கே போனால் பிக் சூட் என்ற இடத்தில் படகைப் பட்டியில் ஏந்தி, தண்டவாளத்தில் ஓடும் ஒரு மேடையில் வைத்து, குன்றுக்கு மேலால் அந்தப் பக்கம் இறக்குவார்கள். லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் சிம்கோ பக்கத்து ஏரிகளுக்குள் வந்துவிடக்கூடாது என்பதால், அங்கே நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு கட்டாமல் இந்த ஏற்பாட்டையே வைத்திருக்கிறார்கள். கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி. பீற்றர்பரோவில் 1904இல் திறந்த தூக்குப்பூட்டு படகை 20 மீற்றர் உயரத்துக்குத் தொட்டியோடு தூக்குகிறது. வருடா வருடம் ஒரு கிழமை விடுமுறை எடுத்து, இரவில் பூட்டுக் கரையில் கட்டிப் படுத்து, பிள்ளைகளோடு இப்படிப் போகும் குடும்பத்துக்குக் கபின் படகு ஒரு வீடு. அதேபோல ஓய்வு பெற்று, கிழமை நாட்களில் இரண்டு பேராகப் போய் ஏரியிலேயே தங்குபவர்களுக்கும்.

ஓட்டுநர் அட்டை விஷயத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 2009 முதல் கனடாவில் எஞ்சின் வைத்த பொழுதுபோக்குப் படகை ஓட்டும் எல்லாருக்கும் அட்டை வேண்டும், ஒரு சோதனை எழுதினால் கிடைக்கும். அதே அட்டையோடு 10 குதிரைவலுப் படகையும் 300 குதிரைவலுப் படகையும் ஓட்டலாம். இது எனக்குப் பயமாகவே இருக்கிறது. பெரியது வாங்குவதென்றால் ஒரு பயிற்சியாளரைப் பிடித்து இரண்டு நாள் கட்டவும் அவிழ்க்கவும் மட்டும் பழகுங்கள். வீட்டில் 12 முதல் 15 வயதுப் பிள்ளை இருந்தால், பெரியவர் கூட இல்லாமல் 40 குதிரைவலுவுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

படகு வைத்திருப்பவர்கள் 'இரண்டடி நோய்' என்று ஒன்று சொல்வார்கள்: எவ்வளவு நீளம் வாங்கினாலும் இன்னும் இரண்டடி இருந்தால் நல்லது என்று தோன்றும். அது உண்மை, எனக்கும் தோன்றியது. முதல் படகைச் சின்னதாக வாங்கி இரண்டு கோடை ஓட்டினால், எந்த இரண்டடி உங்களுக்குக் குறைகிறது என்று தெரிந்துவிடும். எனக்குக் குறைந்தது மூடிய மூக்கு. அண்ணாவுக்கு அது நிழலாக இருக்கலாம்.

அண்ணா கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு 21 அடியில் ஒன்று பார்த்தார். பழையது என்பதால் எடுக்குமுன் ஒரு படகுப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அடித்தட்டில் ஈரம் ஏறியிருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டிப் பார்க்க விற்பவர் காலை 9 மணிக்கு வரச் சொல்லியிருந்தார். காலையில் ஏரி எல்லாப் படகுக்கும் நல்லது. பிற்பகல் 3 மணிக்கு, காற்று அடிக்கும்போது கேளுங்கள் என்றேன். அண்ணியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போங்கள், திரும்பி வரும்போது நீங்களே கட்டுங்கள், பிறகு காரில் வரும் வழியில் அண்ணியிடம் கேளுங்கள் என்றேன்.